லித்தியம் மிதந்து மேலே வந்ததா? பாறை உருகும்போது அது சேர்வது எப்படி?

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் நடத்தும் ஆசிரியர். புவியியலோ நிலவியலோ முறையாகப் படித்ததில்லை. சென்ற வாரம் லித்தியத்துக்கும் மக்னீசியத்துக்கும் உள்ள மூலைவிட்டத் தொடர்பை (தனிம அட்டவணையில் மூலைவிட்டமாக அமைந்தவற்றின் ஒப்புமையை) விளக்கிக்கொண்டிருந்தபோது, கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் லித்தியம் கண்டறியப்பட்ட செய்தியைப் படித்திருந்த ஒரு மாணவி எழுந்து, "சார், லித்தியம் மண்ணெண்ணெயிலேயே மிதக்கும் என்கிறீர்கள். அப்படியானால் பூமிக்குள் பாறை உருகும்போது அது மிதந்து மேலே வந்து ஓரிடத்தில் சேர்ந்துவிடுமா?" என்று கேட்டாள். அப்படி இருக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. பின் எப்படிச் சேர்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அப்போதைக்கு ஓர் உவமையைச் சொல்லிச் சமாளித்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வாங்கும் குச்சி ஐஸை உறிஞ்சினால், நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிட, வெளுத்த பனிக்கட்டி மட்டும் குச்சியில் நிற்கும். பாறை சிறிதளவு உருகும்போதும், படிகங்களுக்குள் பொருந்தாத தனிமங்கள் முதலில் உருகும் குழம்புக்குள் போய்விடுகின்றன என்றேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோது இரண்டு இடங்களில் இடறியது.

ஒன்று, மேலோட்டுப் பாறையில் டன்னுக்குச் சராசரியாக 20 முதல் 40 கிராம் வரையே லித்தியம் உண்டு என்கிறார்கள். சுரங்கத்தில் வெட்டத் தகுந்த பெக்மடைட் என்னும், பெரும் படிகங்கள் கொண்ட கருங்கல் வகைப் பாறையிலோ டன்னுக்கு 5 முதல் 10 கிலோ வரை இருக்கிறது. இருநூறு மடங்குக்கும் மேலான இந்தப் பெருக்கத்தை உருகுதல் ஒன்றே செய்துவிடுமா? இரண்டு, நான் பாடத்தில் சொன்னபடி லித்தியம் மக்னீசியத்தை ஒத்தது என்றால், மக்னீசியம் நிறைந்த கனிமங்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தானே வேண்டும்? அது ஏன் குழம்புக்குள் ஓடுகிறது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தூறல் (விழுப்புரம்) எழுதியது:

உங்கள் குச்சி ஐஸ் உவமை சரியானதே. லித்தியம் படிகங்களோடு ஒத்தியையாத தனிமம். பாறையில் 10 விழுக்காடு உருகினால் அதிலிருந்த லித்தியம் முழுவதும் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் போய்விடும். ஆகவே செறிவு 10 மடங்காகும். ஒரு விழுக்காடு மட்டும் உருகினால் 100 மடங்கு. உருகும் அளவு குறையக் குறையச் செறிவு கூடும் என்பதே இதன் சுருக்கம்.


செம்மண்மேடு (காலாப்பட்டு, புதுச்சேரி) எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நிலவியல் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். தங்களுடைய இரண்டாவது ஐயம்தான் இதன் உயிர்நாடி. தூறல் அவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மிதத்தலைத் தீர்த்துவிடுவோம். மண்ணெண்ணெயில் மிதப்பது உலோக லித்தியம். பாறைக்குள் இருப்பது ஒற்றை நேர்மின்சுமை கொண்ட அயனி. அது ஆக்சிஜன்களால் சூழப்பட்டு, சிலிக்கேட் கட்டமைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அதன் எடைக்கு வேலையே இல்லை. மாணவிக்கு ஒரு மறுப்புச் சான்று வேண்டுமென்றால் யுரேனியத்தைச் சொல்லுங்கள்: இயற்கையில் கிடைக்கும் தனிமங்களில் மிகக் கனமானவற்றில் ஒன்றான அதுவும் உருகும் குழம்போடு சேர்ந்து மேலோட்டுக்கே வந்து சேர்கிறது. எந்தத் தனிமம் எங்கே போகும் என்பதை அயனியின் ஆரமும் மின்சுமையுமே தீர்மானிக்கின்றன.

இப்போது தங்கள் மூலைவிட்டத் தொடர்புக்கு வருகிறேன். ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்த எண்முகி இடத்தில் லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், மக்னீசியத்துக்கு 0.72, இரும்பின் இரட்டைச் சுமை அயனிக்கு 0.78. அளவைப் பார்த்தால் லித்தியம் மக்னீசியத்தின் நாற்காலியில் அச்சாகப் பொருந்தும். மின்சுமை மட்டும் ஒன்று குறைவு. அதை அலுமினியம் போன்ற கூடுதல் சுமையுள்ள அயனி பக்கத்தில் அமர்ந்து ஈடுகட்ட வேண்டும். இந்த வசதி எல்லாக் கனிமங்களிலும் கிடைப்பதில்லை. வெங்கச்சங்கல்லான குவார்ட்ஸிலும் ஃபெல்ட்ஸ்பாரிலும் லித்தியத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லை. நம் ஊரில் காக்காப்பொன் என்று பிள்ளைகள் பொறுக்கும் மைக்காவிலோ தாராளமாக உண்டு. வெள்ளை மைக்காவான மஸ்கோவைட், கறுப்பு மைக்காவான பயோட்டைட் ஆகிய இரண்டும் லித்தியத்தைத் தம் தகடுகளுக்குள்ளேயே, அத்தகைய எண்முகி இடங்களில் வைத்துக்கொள்கின்றன. பாறையிலுள்ள லித்தியத்தின் பெரும்பகுதி மைக்காவில்தான் இருக்கும்.

ஆகவே, 'ஒத்தியையாத் தனிமம்' என்ற பட்டத்தை லித்தியத்துக்கு முழுமையாகச் சூட்ட முடியாது. மைக்கா இல்லாத பாறையில் அது ஒத்தியையாதது. மைக்கா இருக்கும்வரை பாதி ஒத்தியைவது. படிகத்துக்கும் குழம்புக்கும் இடையே ஒரு தனிமம் எந்த விகிதத்தில் பங்கிடப்படுகிறது என்பதைப் பங்கீட்டுக் கெழு என்பார்கள். குவார்ட்ஸுக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் அது ஒன்றைவிட மிகக் குறைவு. பயோட்டைட்டுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கும். அதாவது, பக்கத்தில் குழம்பு வந்து நின்றாலும் பயோட்டைட் தன் லித்தியத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. குச்சி ஐஸில் இனிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் ஏதுமில்லை, பாறையில் இருக்கிறது. உவமை இடறுவது அந்த இடத்தில்தான்.

உருகுதல் எப்படி நடக்கிறதென்று பார்ப்போம். கண்டங்கள் மோதி மேலோடு தடிக்கும்போது, ஒரு காலத்தில் கடலடியில் படிந்த களிமண் 20, 30 கிலோமீட்டர் ஆழத்துக்குப் புதைந்து மைக்காப் பாறையாக உருமாறுகிறது. களிமண்ணைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாறை சிதையும்போது வெளியேறும் லித்தியத்தில் கணிசமான பங்கு களிமண் கனிமங்களிலேயே தங்கிவிடுகிறது. அதனால் களிப்பாறைகளில் டன்னுக்கு 60, 70 கிராம் வரை இருக்கும். மேலோட்டுக்குக் கீழே உள்ள பூமியின் கவசத்தில் டன்னுக்கு ஒன்றரை கிராம் அளவே உண்டு என்பதை நினைத்தால், மழையும் ஆறும் தம் பங்கு வேலையை முன்னமே முடித்துவிட்டன என்பது விளங்கும்.

அந்த ஆழத்தில் தனி நீர் பெரும்பாலும் இருக்காது. மைக்காவின் அமைப்புக்குள் எடைக்குச் சுமார் 4 விழுக்காடு நீர் ஹைட்ராக்சில் வடிவில் கட்டுண்டிருக்கிறது. வெப்பம் 700 முதல் 750 டிகிரி செல்சியஸை எட்டும்போது மஸ்கோவைட் உடைந்து, தன் நீரைக் குவார்ட்ஸுக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் கொடுக்க, அவை உருகத் தொடங்குகின்றன. இமயத்தின் உயர்ந்த பகுதிகளில், நேபாளத்தின் மனஸ்லு போன்ற மலைகளில் காணப்படும் வெளிறிய கருங்கல் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்தது. பயோட்டைட் உடைய வேண்டுமென்றால் இன்னும் சூடு வேண்டும்: 800 டிகிரிக்கு மேல், சில பாறைகளில் 850 வரைகூட.

இந்த இரண்டு கட்டங்களையும் தனித்தனியே கணக்கிட்டால் ஒரு வேடிக்கை தெரியும். குழம்பிலுள்ள செறிவு வேண்டுமென்றால், மூலப்பாறையின் செறிவை ஒரு தொகையால் வகுக்க வேண்டும். அந்தத் தொகை, பாறை முழுமைக்குமான பங்கீட்டுக் கெழுவோடு, ஒன்றிலிருந்து அக்கெழுவைக் கழித்து உருகிய பின்னத்தால் பெருக்கி வருவதைக் கூட்டினால் கிடைப்பது. டன்னுக்கு 80 கிராம் கொண்ட மைக்காப் பாறையை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் பயோட்டைட் மிச்சம் நிற்பதால் கெழுவை 0.6 என்றும், உருகியது பத்தில் ஒரு பங்கு என்றும் கணக்குக்காக வைத்தால், குழம்பில் 125 கிராம் வரும். இரண்டாம் கட்டத்தில் பயோட்டைட்டும் உடைந்துவிட்டதால் கெழு 0.2 என்றும், உருகியது பத்தில் மூன்று பங்கு என்றும் வைத்தால் 182 கிராம் வருகிறது. மும்மடங்கு அதிகமாக உருகியும் செறிவு குறையவில்லை, கூடியிருக்கிறது! உருகும் அளவு குறைந்தால் செறிவு கூடும் என்ற விதி, கெழு மாறாதிருக்கும்வரைதான் செல்லும். இங்கே பூட்டைத் திறப்பது மைக்கா உடையும் வெப்பநிலை.

அண்மை ஆண்டுகளில் இன்னொரு படி மேலே போய், இருமுறை உருகுதலைப் பற்றியும் பேசுகிறார்கள். முதலில் மஸ்கோவைட் உடைந்து வந்த குழம்பு வெளியேறிவிட, எஞ்சிய பாறையில் பயோட்டைட்டின் விகிதமும் அதனோடு லித்தியத்தின் செறிவும் கூடும். பின்னொரு நாள் அது மீண்டும் சூடாகி உருகினால், அந்த இரண்டாம் குழம்பு தொடக்கத்திலேயே வளமானதாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் ஒருமுறை குழம்பை இழந்து வறண்ட பாறையை மறுபடி உருக்கும் அளவுக்கு வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வோர் இடத்திலும் காட்டியாக வேண்டும்.

எப்படிப் பார்த்தாலும் உருகுதல் தருவது இரண்டு, மூன்று மடங்குதான். தங்களுடைய முதல் ஐயத்துக்கு விடை அதுவே: உருகுதல் ஒன்றால் ஆகாது. மிச்சப் பெருக்கம் குழம்பு இறுகும்போது நடக்கிறது.

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், பிறகு உப்பு பூக்கும். உப்பை வாரிய பின் நிற்கும் கசப்பு நீரில் மக்னீசியம் சேர்ந்துகொண்டே போகும். கருங்கல் குழம்பும் அவ்வாறே ஆறுகிறது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் படிகமாகி விலக விலக, எஞ்சும் குழம்பில் லித்தியம் ஏறிக்கொண்டே வரும். டன்னுக்கு 180 கிராமில் தொடங்கி, கெழுவை 0.2 என்று வைத்து, படிகங்கள் உடனுக்குடன் விலகிவிடுவதாகக் கொண்டால், பத்தில் ஒரு பங்கு எஞ்சும்போது ஏறத்தாழ 1,100 கிராமும், நூற்றில் ஒரு பங்கு எஞ்சும்போது ஏறத்தாழ 7,200 கிராமும் வரும். பின்னதை லித்தியம் ஆக்சைடாக மாற்றினால் ஒன்றரை விழுக்காடு. வெட்டத் தகுந்த பெக்மடைட்டின் தரம் அதுதான்.


கெடிலக்கரை எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. தங்கள் கணக்கை நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். இறுகும் கட்டத்தில் கெழுவை 0.2-க்குப் பதிலாக 0.5 என்று வைத்தேன். நூற்றில் ஒரு பங்கு எஞ்சும்போதுகூட 1,800 கிராமுக்கு மேல் ஏறவில்லை. அப்படியானால் குழம்பு இறுகும்போது நிறைய மைக்கா படிந்தாலும் லித்தியம் குழம்பில் சேராமல் போய்விடுமா?

மற்றொன்று, நூறில் ஒரு பங்கான குழம்பு அத்தனை படிகங்களுக்கிடையே சிக்கிக்கொள்ளாதா? கருங்கல் குழம்பு தேனைவிடப் பல மடங்கு பிசுக்கானது என்று படித்திருக்கிறேன். அது எப்படி வடிந்து ஓரிடம் சேர்கிறது? கூடவே, மாணவர்கள் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி: நமக்கு அருகிலுள்ள செஞ்சி மலைக் கருங்கல்லில் லித்தியம் இருக்குமா?


கல்மரம் (திருவக்கரை) எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பெக்மடைட் வயல்களில், அதாவது பெக்மடைட்டுகள் கூட்டமாகக் காணப்படும் பகுதிகளில், சில ஆண்டுகள் வரைபடப் பணி செய்தவன் என்ற முறையில், களத்தில் காண்பதைக் கொண்டு விடை சொல்கிறேன்.

மைக்காவைப் பற்றிய தங்கள் கணக்கு சரி. கறுப்பு மைக்கா மிகுதியாகப் படியும் கருங்கல் குழம்பு லித்தியத்தை வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகும். இரும்பும் மக்னீசியமும் குறைந்த, அலுமினியம் மிகுந்த வெளிறிய குழம்புதான் கடைசிவரை காப்பாற்றும். களிமண் வழிவந்த பாறை உருகிப் பிறக்கும் கருங்கல்லைத் தனி வகையாகப் பிரித்து, படிவுப்பாறை என்பதன் ஆங்கில முதலெழுத்தால் எஸ்-வகை என்று 1974இல் ஆஸ்திரேலியாவில் சேப்பல், ஒயிட் ஆகிய இருவர் பெயரிட்டார்கள். லித்தியம் தேடுபவர்கள் அந்த வகையைத்தான் முதலில் நாடுகிறார்கள்.

வடிதலுக்கு விடை குழம்பின் உள்ளேயே இருக்கிறது. லித்தியத்தோடு சேர்ந்து நீர், ஃபுளோரின், போரான், பாஸ்பரஸ் ஆகியவையும் எஞ்சும் குழம்பில் திரள்கின்றன. இவை சிலிக்கேட் வலைப்பின்னலை அறுத்துவிடுவதால் குழம்பின் பிசுக்கு வெகுவாகக் குறைகிறது. உறையும் வெப்பநிலையும் இறங்கி, சாதாரணக் கருங்கல் முழுதும் கட்டியாகிவிட்ட பிறகும், 500 டிகிரிக்கு அருகில் வரைகூட இந்தக் கடைசிக் குழம்பு ஓடும் நிலையில் நிற்கிறது. படிகக் கூழை நில அழுத்தம் பிழியும்போது, துணியில் கட்டிய தயிரிலிருந்து நீர் வடிவதுபோல் அது விரிசல்களுக்குள் புகுந்து வெளியேறிவிடுகிறது. தாய்க் கருங்கல்லுக்கு அருகிலுள்ள பெக்மடைட்டுகளில் வெறும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், சற்றுத் தள்ளிப் பெரிலியக் கனிமமான பெரில், இன்னும் விலகிப்போனால் லித்தியக் கனிமமான ஸ்போடுமீன் என்று வரிசைப்பட்ட வயல்கள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எட்டா சுரங்கத்தில் கிடைத்த ஒரே ஸ்போடுமீன் படிகம் 14 மீட்டர் நீளம். எங்கள் ஊர்ப் பூங்காவில் கிடக்கும் கல்மரத் துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே செம்மண்மேடு ஐயாவோடு சிறிது மாறுபடுகிறேன். நூற்றில் ஒரு பங்கு எஞ்சும்வரை ஒரு குழம்பு ஒழுங்காகப் படிகங்களை உதறிக்கொண்டே போகும் என்பது தாளில் அழகாக இருக்கிறது. எல்லா வயலிலும் அதற்குச் சான்று இல்லை. சில இடங்களில் பெக்மடைட்டுக்குப் பக்கத்திலுள்ள கருங்கல் வயதில் பொருந்தாது. சில இடங்களில் தாய்க் கருங்கல்லே கண்ணில் படாது. அங்கெல்லாம் மைக்காப் பாறை உருகிய குழம்பே நேரடியாகப் பெக்மடைட் ஆகியிருக்கலாம் என்பார் உண்டு. அவர்கள் வாதம் நிற்க வேண்டுமென்றால், உருகும் பாறையிலேயே லித்தியம் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஐயா சொன்ன இருமுறை உருகுதல் பயன்படுவது இந்த இடத்தில்தான்.

செஞ்சியைப் பொறுத்தவரை, ஒரு மலை கருங்கல்லாக இருப்பதால் மட்டும் லித்தியம் இருக்கும் என்று கொள்ள முடியாது. வெள்ளை மைக்கா, டூர்மலின், செந்நிறக் கார்னெட் ஆகியவை மிகுந்த வெளிறிய கல்லா, அதைச் சுற்றி மைக்காப் பாறைகள் உண்டா என்பதையே முதலில் பார்ப்போம். கோட்டைக்குப் போகும் மாணவர்கள் தாங்களே இதைக் கவனித்துப் பார்க்கலாம். மாண்டியாவின் மார்லகல்லாவில் அணுக் கனிமங்கள் இயக்ககம் 1,600 டன் லித்தியம் இருப்பதாக மதிப்பிட்ட செய்தி 2021இல் வந்தது. அங்கே பழம்பாறைப் பட்டையை ஊடுருவிய பெக்மடைட்டுகளில் ஸ்போடுமீன் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பேசப்பட்ட ஜம்மு காஷ்மீரின் ரியாசி, அலுமினியத் தாதுவான பாக்சைட்டோடு தொடர்புடையது. குழம்பு இறுகிய கதைக்குள் அது வராது. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


தூறல் எழுதியது:

என் விடை அவசரப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் பயன்படுத்தியது கெழுவைச் சுழியமாக வைத்த கணக்கு; மைக்காவை நினைக்கவே இல்லை. ஓர் ஐயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கு அலையலையாக வெள்ளைக்கோடும் கருங்கோடும் ஓடும் கல்பலகை போட்டிருக்கிறோம். பாறை பாதி உருகி உறைந்த கல் அது என்று கடைக்காரர் சொன்னார். உண்மையாக இருந்தால், லித்தியம் வெள்ளைக்கோட்டில் இருக்குமா, கருங்கோட்டிலா?


செம்மண்மேடு எழுதியது:

கல்மரம் அவர்கள் சுட்டிய மாறுபாட்டை ஏற்கிறேன். நான் காட்டியது ஓர் எல்லைக் கணக்குதான். தாய்க் கருங்கல் தெரியாத வயல்களில் எது நடந்தது என்பதை வயதுக் கணிப்பும், மைக்காவிலும் கார்னெட்டிலும் உள்ள லித்தியத்தைப் புள்ளி புள்ளியாக அளப்பதுமே தீர்க்கும்.

தூறல் அவர்களுக்கு: கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் சரி. அந்த வகைக் கல்லை மிக்மடைட் என்போம். தமிழகத்தின் பழம்பாறைகளில் அது நிறையவே வெட்டப்படுகிறது. வெள்ளைக்கோடு, உருகி அங்கேயே உறைந்த குழம்பு: குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். அதன் இருபுறமும் ஒட்டி ஓடும் கருங்கோடு, உருகாமல் மிஞ்சிய பயோட்டைட். குழம்பு வெளியேறாமல் பக்கத்திலேயே நின்று உறையும்போது, அது எடுத்துக்கொண்ட லித்தியத்தில் ஒரு பங்கைக் கறுப்பு மைக்கா திரும்ப வாங்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ஆகவே தங்கள் மேடையில் லித்தியம் அதிகமாக இருக்கக்கூடியது கருங்கோட்டில்தான். சொரசொரப்பான ஓரம் ஏதாவது இருந்தால் கத்தி முனையால் மெல்லக் கீறிப் பாருங்கள். தகடு தகடாக உரிந்தால் அது பயோட்டைட், உரியாமல் கடினமாக நின்றால் ஹார்ன்பிளெண்ட் என்னும் வேறொரு கருங்கனிமமாக இருக்கலாம். அப்படியானால் நான் சொன்ன கணக்கு அந்தக் கல்லுக்குப் பொருந்தாது.